மனச்சோர்வுக்கு மனச்சிதைவு மாத்திரை எதற்கு?

"அம்மாவுக்கு மனச்சோர்வு என்றார்கள். சீட்டில் ஓலன்சாபினும் இருக்கிறது. அது மனச்சிதைவுக்கான மருந்தாயிற்றே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோவையிலிருந்து கோத்தகிரிக்கு மலையேறும் பஸ்ஸில் அப்படி ஒரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வந்தவன் நான்.

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஒரு மழைக்காலம் முழுக்கச் சாப்பாடும் பேச்சும் சுருங்கின. பிறகு, இளவயதில் எடை கூட்டுவதற்காகக் கொழுந்து மூட்டையில் தண்ணீர் தெளித்தாராம், அதற்குப் போலீஸ் தேடுகிறதாம். கீழே வளைவில் எந்த ஜீப் உறுமினாலும் அது அவரைப் பிடிக்கத்தான். "அப்படிப் பார்த்தால் இந்த மலையில் பாதிப் பேர் ஜெயிலில் இருக்க வேண்டும்" என்று அம்மா சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. இப்படிப் பொய்யான நம்பிக்கைகளும் சேர்ந்து வரும் மனச்சோர்வு ஒன்று உண்டு. அப்பாவுக்கு வந்தது அதுதான், ஓலன்சாபின் சேர்த்ததும் அதற்காகத்தான்.

"இது முக்கியம், கவனி" என்று மூளைக்குள் முத்திரை குத்துவதில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அது வரம்பு மீறும்போது ஜீப் சத்தத்துக்கும் முத்திரை விழுகிறது. ஏன் விழுந்தது என்பதற்கான கதையை மனச்சோர்வின் குற்ற உணர்வு எழுதிக்கொள்கிறது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. ஓலன்சாபின், டோபமின் வந்து ஒட்டும் இடங்களான டி2 ஏற்பிகளில் போய் உட்கார்ந்து முத்திரையின் வேகத்தைக் குறைக்கிறது. கதையை அது அழிப்பதில்லை.

முதல் இரவே அப்பா தூங்கினார். குணமாகிவிட்டது என்று துள்ளினோம். அந்தத் தூக்கம் பெரும்பாலும் ஹிஸ்டமின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் ஏற்பியை அடைத்ததன் விளைவு, பசி கூடுவதற்கும் அதற்குப் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது வாரம் ஜீப் வந்தபோது, "வரட்டும், டீ கொடுப்போம்" என்றார். நம்பிக்கை போகவில்லை, அதன் பாரம் போயிருந்தது.

அப்பாவின் சீட்டில் கூடவே இருந்த மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் எதற்கு என்றால், சோர்வைத் தூக்க அதுவும் வேண்டும். இந்த வகை மனச்சோர்வு பற்றி 2009இல் வெளியான 12 வார ஆய்வில் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் தேறினார்கள். ஓலன்சாபின் மட்டும் எடுத்தவர்களில் 24.

அப்பாவுக்கு எடை எட்டுக் கிலோ ஏறியது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான்தான் வாதாடினேன். மருத்துவர் 2019ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னார்: தேறியபின் ஓலன்சாபினைத் தொடர்ந்தவர்களில் 36 வாரத்துக்குள் 20 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, நிறுத்தியவர்களில் 55. வாயை மூடிக்கொண்டேன். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனையை மட்டும் தவறவிடுவதில்லை. நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் தெளித்தது உண்மைதான் என்று அப்பா இப்போதும் சொல்வார், எத்தனை கிலோ கூடியது என்பதையும் சேர்த்து.