ஊசியும் மையும்: கார்ட்ரிட்ஜ் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டாட்டூ குத்தும் ரோட்டரி மெஷினில், அதாவது மோட்டார் சுழன்று ஓடும் மெஷினில், கார்ட்ரிட்ஜ் ஊசி போடுவதைப் பற்றியவை. கார்ட்ரிட்ஜ் என்பது ஊசிக்கட்டைத் தனக்குள் வைத்திருக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாய். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அக்கா, இதுவரை காயில் மெஷினில்தான் வேலை செய்தேன். இப்போது பேனா வடிவ ரோட்டரி வாங்கிக் கார்ட்ரிட்ஜ் போட்டு ஓட்டுகிறேன். வோல்ட்டைக் கூட்டினால் கோடு அழுத்தமாக விழும் என்று நினைத்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் கோடு மெலிந்துபோகிறது, படபடவென்று சத்தமும் வருகிறது. மெஷினில் கோளாறா?

பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. மின்காந்தச் சுருளால் ஆடும் காயில் மெஷினில் ஊசிக்கம்பி நேராக மெஷினின் ஆடும் பாகத்தில் மாட்டியிருக்கும். மெஷின் முன்னால் போனால் ஊசியும் போகும், பின்னால் வந்தால் ஊசியும் வரும். கார்ட்ரிட்ஜில் அப்படி இல்லை. மெஷினுக்குள் இருக்கும் கம்பி, கார்ட்ரிட்ஜின் பின்பக்கத்தை முன்னால் தள்ள மட்டும்தான் செய்கிறது. அதைப் பிடித்துப் பின்னால் இழுப்பதில்லை. தள்ளப்பட்ட ஊசியைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு. சில தயாரிப்புகளில் இந்த வேலையைச் சின்ன ஸ்பிரிங்கோ ரப்பர் வளையமோ செய்யும்.

வேகத்தை அளவுக்கு மேல் கூட்டினால், சவ்வு ஊசியை முழுதாக உள்ளே இழுப்பதற்குள் கம்பி மறுபடி வந்து தள்ளிவிடுகிறது. ஊசி பாதி தூரம்தான் திரும்புகிறது, அந்தப் பாதியிலிருந்தே மறுபடி வெளியே போகிறது. ஸ்ட்ரோக், அதாவது ஊசி போய்வரும் தூரம், குறைகிறது, ஊசி நுனி உள்ளே போய் மையை எடுத்துவரவும் நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் உங்கள் கோடு மெலிகிறது. கம்பி, திரும்பிவரும் ஊசியின் முதுகில் இடிக்கும் சத்தம்தான் அந்தப் படபட.

வோல்ட்டை இறக்குங்கள். ஊசி சீராக, ஒரே சுருதியில் ஓடும் மிகக் குறைந்த இடத்தில் தொடங்கி, கை போகும் வேகத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மெஷின் மெதுவாகவும் கை வேகமாகவும் போனால் கோடு புள்ளி புள்ளியாக விழும். மெஷின் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தோல் குதறிப்போகும். இன்னொன்று, உங்கள் நண்பர் 8 வோல்ட்டில் ஓட்டுகிறார் என்பதற்காக நீங்களும் 8 வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் அந்த எண் வேறு வேறு வேகத்தைக் கொடுக்கும். உங்கள் மெஷின் ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இத்தனை குத்து என்று, வேகத்தைக் காட்டினால் அதைப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 6000 குத்து, எந்த மெஷினானாலும்.

குறைந்த வேகத்திலும் இதே தொல்லை இருந்தால், அந்தப் பெட்டி கார்ட்ரிட்ஜில் சவ்வு தளர்ந்திருக்கலாம். வேறு தயாரிப்பு போட்டுப் பார்த்துவிட்டு மெஷினைச் சந்தேகப்படுங்கள்.

வேலை முடிந்து கார்ட்ரிட்ஜைக் கழற்றும்போது, கையால் பிடிக்கும் கிரிப்புக்குள் மை கசிந்திருக்கிறது. துடைத்துவிட்டுத் தொடரலாமா?

கூடாது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே வந்தது மை மட்டும் இல்லை. அந்த மையோடு வாடிக்கையாளரின் ரத்தமும் நிணநீரும் கலந்திருக்கும். ஊசியைத் திரும்ப இழுப்பது சவ்வின் ஒரு வேலை. பின்பக்கத்தை மூடி, எதுவும் மெஷினுக்குள் போகாமல் தடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் பெரியது. சவ்வு இல்லாத கார்ட்ரிட்ஜ்களும் சந்தையில் உண்டு, விலையும் குறைவு. என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்களை நான் அவற்றைத் தொடவே விடுவதில்லை.

கசிந்துவிட்டது என்றால், கழற்றக்கூடிய உலோக கிரிப்பையும் தள்ளுகம்பியையும் நன்றாகக் கழுவி, நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், அந்தக் கருவியின் கையேடு சொல்லும் நேரம் முழுவதும் வைத்து எடுங்கள். மோட்டாருக்குள் போயிருந்தால் விஷயம் வேறு. மோட்டாரை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது, உள்ளே துடைக்கவும் முடியாது. அந்த மெஷினை அடுத்தவர் தோலுக்குக் கொண்டுபோகாதீர்கள். தயாரித்தவர்களிடம் பிரித்துச் சுத்தம் செய்ய வழி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள். விலை உயர்ந்த மெஷினாக இருக்கும்போது இது வலிக்கும், தெரியும். அதனால்தான் சவ்வில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்கிறேன்.

புதுப் பெட்டி வாங்கினால் ஒன்றைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். அதன் நுனியில் தண்ணீர் விட்டு, மெஷினில் போட்டுச் சிறிது நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பின்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒன்றை அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள், தோலில் போடாதீர்கள்.

என்னிடம் இருப்பது பழைய ரோட்டரி. நீள ஊசிக்கம்பி மாட்டும் வகை. இதில் கார்ட்ரிட்ஜ் போட முடியுமா?

முடியும். கார்ட்ரிட்ஜுக்கான கிரிப்பும் அதற்கேற்ற தள்ளுகம்பியும் வாங்க வேண்டும். கம்பியின் ஒரு முனையில் உள்ள வளையம் மோட்டாரின் சுழல் முளையில் மாட்டும், மறுமுனை கார்ட்ரிட்ஜின் முதுகைத் தள்ளும். கம்பியின் நீளத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். நீளம் அதிகமானால் மெஷின் பின்னால் வந்த நிலையிலும் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குறைந்தால் ஊசி வெளியே வரவே வராது. நீளத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் கம்பியாகப் பார்த்து வாங்கினால் நிம்மதி. ரப்பர் பேண்ட் போடும் பழக்கம் இருந்தால் கம்பி ஆடாமல் இருக்க மெல்லியதாக ஒன்று போதும். இறுக்கிப் போட்டால் கம்பி ஒரு பக்கம் இழுபடும், மோட்டாருக்கும் சுமை.

ரோட்டரி என்பது இப்போது வந்த நாகரிகம்தானே? உண்மையான மெஷின் காயில்தான் என்கிறார் என் ஆசிரியர்.

உங்கள் ஆசிரியர் காயிலை நேசிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் முதலில் வந்தது ரோட்டரிதான். சாமுவேல் ஓ'ரைலி 1891இல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற மின்சார டாட்டூ மெஷின், தாமஸ் எடிசனின் மின்பேனாவைத் தழுவியது. அந்தப் பேனா 1876இல் காப்புரிமை பெற்றது, காகிதத்தில் துளையிட்டுப் படியெடுப்பதற்காகச் செய்தது. மோட்டார் சுழல, ஊசி மேலும் கீழும் போகும். இன்று உங்கள் கையில் இருப்பதும் அதே அடிப்படைதான்.

பெட்டியில் 1207ஆர்எல், 1003ஆர்எல், 0815சிஎம் என்றெல்லாம் போட்டிருக்கிறதே, எப்படிப் படிப்பது?

முதல் இரண்டு இலக்கம் ஒரு ஊசியின் தடிமன். 12 என்றால் 0.35 மில்லிமீட்டர், 10 என்றால் 0.30, 08 என்றால் 0.25. அடுத்த இரண்டு இலக்கம் எத்தனை ஊசி சேர்ந்த கட்டு என்பது. கடைசி எழுத்து அடுக்கிய விதம். ஆர்எல் என்றால் நெருக்கமாக வட்டமாக அடுக்கிய, கோடு இழுக்கும் லைனர். ஆர்எஸ் கொஞ்சம் தளர்வாக அடுக்கிய, நிழல் தீட்டும் வட்ட ஷேடர். எம்1 இரண்டு வரிசையாக அடுக்கிய மேக்னம். சிஎம் அல்லது ஆர்எம் என்றிருந்தால் அதே மேக்னம், நுனிகள் வில் போல வளைந்திருக்கும். ஓர ஊசிகள் தோலைக் கீறாது என்பதால் ஷேடிங்குக்கு எனக்கு இதுதான் பிடித்தது.

ஆகவே 1207ஆர்எல் என்றால் 0.35 மில்லிமீட்டர் ஊசி ஏழு. 0807ஆர்எல் போட்டாலும் ஏழு ஊசிதான், ஆனால் கோடு மெல்லிசாக விழும். ஒரே எண்ணாக இருந்தாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு கட்டின் நெருக்கம் மாறும். புது நிறுவனத்துக்கு மாறினால் பயிற்சித் தோலில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மனிதத் தோலுக்குப் போக வேண்டும். அப்போதே ஊசி பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் தெரிந்துவிடும். ஆடும் ஊசியால் எவ்வளவு நல்ல கையாலும் நேர்க்கோடு போட முடியாது.

ஊசி எவ்வளவு வெளியே தெரிய வேண்டும்? 3.5 ஸ்ட்ரோக் மெஷின் என்றால் 3.5 மில்லிமீட்டர் தோலுக்குள் போகுமா?

போகாது, போகவும் கூடாது. மை தங்க வேண்டியது மேல்தோலுக்குக் கீழே உள்ள உள்தோலில். பொதுவாக ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம், தோல் மெல்லிய இடங்களில் இன்னும் குறைவு. அதையும் தாண்டிக் குத்தினால் மை கொழுப்புப் படலத்தில் பரவி, கோட்டைச் சுற்றி நீலம் பாரித்த நிழல் விழும். அதை எடுக்க வழியில்லாமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரோக் என்பது ஊசி முன்னும் பின்னும் போகும் மொத்த தூரம். அதை மெஷினின் சுழல் முளை தீர்மானிக்கிறது. கிரிப்பைத் திருகி நீங்கள் மாற்றுவது, ஊசி முழுதாக முன்னால் வந்த நிலையில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை. 3.5 ஸ்ட்ரோக் மெஷினில் ஊசியை 2 மில்லிமீட்டர் வெளியே வைத்தால், பின்னால் போகும்போது நுனி 1.5 மில்லிமீட்டர் குழாய்க்குள் போகும். அங்கே இருக்கும் மையைத் தொட்டுக்கொண்டு வெளியே வரும். அதே மெஷினில் 4 மில்லிமீட்டர் வெளியே வைத்தால் ஊசி குழாய்க்குள் போகவே போகாது, அரை மில்லிமீட்டர் எப்போதும் வெளியே நிற்கும். மை ஒழுங்காக வராது, கையை நகர்த்தும்போது ஊசி தோலில் சிக்கி இழுக்கும்.

சிலர் ஊசியைக் குறைவாக வெளியே வைத்து, கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக் நுனியைத் தோலில் உரசவிட்டு ஓட்டுவார்கள். மை நன்றாக வரும். ஆனால் ஊசி நுனி கண்ணுக்குத் தெரியாது, தோலை இழுத்துப் பிடித்திருக்கும் அளவு மாறினால் ஆழமும் மாறும். கற்றுக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது, ஊசி நுனி கண்ணில் படும்படி 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் வைத்து, ஆழத்தைக் கையால் கட்டுப்படுத்தப் பழகுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் அந்தப் பழக்கம் எந்த மெஷினுக்குப் போனாலும் கூடவே வரும்.

ஸ்ட்ரோக் எது வாங்கலாம் என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று என்றால் 3.5. மென்மையான ஷேடிங் மட்டும் என்றால் 3க்குள். தடித்த கோடுகள் நிறைய இழுப்பவருக்கு 4 அல்லது அதற்கு மேல்.

சாம்பல் நிற ஷேடிங்குக்குக் கறுப்பு மையில் குழாய்த் தண்ணீர் கலக்கலாமா?

வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீர்கூட, கிருமி நீக்கியது என்று முத்திரை இல்லாவிட்டால் வேண்டாம். 2011இன் கடைசி மாதங்களில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. தண்ணீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியம் காரணம். அது அவர்களுக்குப் போட்ட, முன்கூட்டியே கலந்து விற்ற சாம்பல் மையிலேயே இருந்தது. கிருமி நீக்கிய தண்ணீர் அல்லது அதற்கென்றே விற்கும் கரைசல், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு முறை ஊற்றியது, அவ்வளவுதான். ஊசி நுனியை அலசும் கோப்பைக்கும் இதே விதி.

அதே வாடிக்கையாளர் அடுத்த வாரம் வருகிறார். அவருடைய கார்ட்ரிட்ஜைக் கழுவி வைத்து அவருக்கே போடலாமா?

கூடாது. குழாய்க்குள்ளும் சவ்வின் மடிப்பிலும் கை போகாது, கிருமி போகும். இந்தக் கார்ட்ரிட்ஜ்கள் தயாரிப்பு இடத்திலேயே எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கப்பட்டு வருகின்றன. ஒருமுறை பயன்படுத்தத்தான். ஆட்டோகிளேவின் சூட்டுக்கென்று செய்த பிளாஸ்டிக்கும் இல்லை, ஊசி முனையும் அதற்குள் மழுங்கியிருக்கும். அதோடு ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கழற்றியதும் ஊசிக் கழிவுப் பெட்டிக்குள் முழுதாகப் போட்டுவிடுங்கள்.

டாட்டூ போட்டுக்கொள்ளப் போகிறேன். எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கண்முன்னால் கார்ட்ரிட்ஜ் உறையைக் கிழிக்கிறார்களா என்று பாருங்கள். உறையில் தொகுதி எண், காலாவதித் தேதி, கிருமி நீக்கம் ஆனதைக் காட்டும் நிறக்குறி மூன்றும் இருக்க வேண்டும். மெஷினுக்கும் அதன் ஒயருக்கும் புதிய பிளாஸ்டிக் உறை போட்டிருக்க வேண்டும். மையைச் சின்னக் கோப்பையில் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். நடுவில் செல்போனைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் கையுறையை மாற்றச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். முகம் சுளிக்கும் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வேலைக்கு நடுவில் லைனரிலிருந்து மேக்னத்துக்கு மாற்றும்போது, கழற்றிய கார்ட்ரிட்ஜ் விரலில் குத்திவிட்டது. என்ன செய்வது?

உடனே வேலையை நிறுத்திக் கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள். அப்புறம் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் எவரும் முதல் வேலையாக அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது, அதனால் மருத்துவர் சொல்லும் தேதிகளில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இனி மாற்றும்போது, மெஷினை முதலில் நிறுத்துங்கள். சவ்வு ஊசியை உள்ளே இழுத்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டைப் பிடித்துத் திருகிக் கழற்றுங்கள். அந்த லைனர் மறுபடி தேவைப்படும் என்றால், நுனி உங்களைப் பார்க்காதபடி சுத்தமான தாங்கியில் குத்தி நிறுத்துங்கள். மேஜையில் உருளவிடாதீர்கள்.