கால் இடிக்கிறது, சீட்டை மாற்றலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம். காரில் பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டில்தான் உட்கார வைக்கிறோம். இப்போது கால் கார் சீட்டின் முதுகில் இடிக்கிறது. முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடச் சொல்கிறார் மாமியார். திருப்பலாமா?
- வாசகி, கோவை

பதில்: வேண்டாம்மா, தயவுசெய்து இப்போது திருப்பாதீர்கள். கால் இடிப்பது ஒரு கணக்கே இல்லை, குழந்தை காலை மடக்கிக்கொண்டு நிம்மதியாகவே இருப்பான். பார்க்க வேண்டியது தலையை. உச்சந்தலைக்கும் சீட்டின் மேல்விளிம்புக்கும் நடுவே 2.5 செ.மீ.கூட இல்லையென்றால் அந்த சீட் போதாது என்று அர்த்தம். அப்புறம் எடை: பச்சிளம் குழந்தை சீட்டுகள் பலவற்றுக்கு 13 கிலோதான் வரம்பு, உங்களுடையதன் லேபிளில் இருக்கும். தோள்பட்டி தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், மேல் துளைக்கு மாற்றியும் அது தோளுக்கு ரொம்பக் கீழே போய்விட்டால் அதுவும் அடையாளம்தான். இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் பெரிய சீட் வாங்குங்கள், ஆனால் அதையும் பின்பக்கம் பார்த்தே மாட்டுங்கள், ஏனென்றால் இந்த வயதில் தலை கனம், கழுத்து பலவீனம், நேருக்குநேர் மோதினால் அந்த வேகத்தை முதுகு முழுக்கப் பரப்பித் தாங்குவது சீட்தான். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் மட்டும் இதை ஒருபோதும் வைக்காதீர்கள்.