பீடியை விட்ட பிறகும் சளி ஏன் விடவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருஷம் பீடி குடித்தவர், இரண்டு வருஷமாகத் தொடுவதில்லை. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் மழைக்காலம் வந்தால் நெஞ்சுச்சளி, காய்ச்சல், இளைப்பு. எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா? டானிக் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: முப்பது வருஷப் பழக்கத்தை விட்டிருக்கிறாரே, அதற்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். நுரையீரலின் திறன் குறைந்துகொண்டே போகும் வேகம் அதனால் மட்டுப்படும்.

எதிர்ப்பு சக்தி விஷயத்துக்கு வருவோம். இந்த நோயில் நுரையீரலுக்குள் பாதுகாப்பு செல்கள் கூடிக் கிடக்கின்றன. கெட்டுப்போனது அவற்றின் வேலைதான். காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்றொரு செல் இருக்கிறது. மூச்சோடு வரும் தூசி, கிருமி, அங்கேயே செத்த செல்கள் எல்லாவற்றையும் விழுங்கிச் சுத்தம் செய்வது அதன் பொறுப்பு. புகை பிடிப்பவர்களுக்கு இது பல மடங்கு பெருகும். ஆனால் சி.ஓ.பி.டி. வந்தவர்களிடம் ஹீமோஃபிலஸ், நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களை விழுங்கும் திறன் அதற்குக் குறைந்துவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு அடிக்கடி சளி பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விழுங்காமல் விட்ட கிருமியும் புகையின் எரிச்சலும் சேர்ந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. அவை கொட்டும் எலாஸ்டேஸ் என்ற நொதி, நுரையீரலை விரிந்து சுருங்க வைக்கும் இழைகளையே அரித்து, சளியையும் கூட்டுகிறது. நைந்த ரப்பர் போல ஆன நுரையீரலில் காற்று உள்ளே போகும், முழுதாக வெளியே வராது. அப்புறம், சிறு மூச்சுக்குழாய்களின் சுவரில் டி செல்கள், பி செல்கள் என்ற வேறு வகை பாதுகாப்பு செல்களும் குவிகின்றன. நோய் முற்ற முற்ற அவை முடிச்சு முடிச்சாகத் திரள்வதை ஜேம்ஸ் ஹாக் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பீடியை விட்ட பிறகும் அழற்சி முழுதாக அடங்குவதில்லை.

சரி, டானிக்? வேண்டாம். இந்தக் கோளாறைச் சரிசெய்யும் டானிக் எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் தடுப்பூசி போடுங்கள்: ஃப்ளூ ஊசி வருடம் ஒரு முறை, நிமோகாக்கல் ஊசி எது, எப்போது என்பதை அவருடைய மருத்துவர் சொல்வார். வீட்டில் விறகடுப்பு, கொசுவத்தி இருந்தால் அந்தப் புகையும் அவர் பக்கம் வரக் கூடாது.

இன்னொன்று கேட்டுப் பாருங்கள்: ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளணுவின் எண்ணிக்கை. அடிக்கடி நோய் கூடுபவர்களுக்கு இது மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் நன்றாக உதவும். 100-க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா அபாயம் மட்டும் கூடும். நம் ஊரில் குடற்புழு இருந்தாலும் இந்த எண்ணிக்கை ஏறும் என்பதால் மருத்துவரே பார்த்து முடிவு செய்யட்டும். அதற்குள் இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது, அப்பா அதை எப்படி இழுக்கிறார் என்று மருத்துவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். தவறாக இழுப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், அளவு கூடினால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். உதடு நீலம் பூத்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, அரைமயக்கமாகக் கிடந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.