காப்பக ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்தால் நட்டம் வருமா?

குழந்தைகள் காப்பகம் தொடங்கவிருக்கும் நீங்கள், அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பகத்தில் ஆசிரியையாகவும் பின்னர் பொறுப்பாளராகவும் இருந்தவள் என்ற முறையில், தயங்காமல் கொடுங்கள் என்பதே என் பதில்.

கைக்குழந்தைகள் அறையில் நான்கு குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அந்த நால்வரில் ஒரு குழந்தை ஊழியருடையது என்றால், பாதிச் சலுகையால் நீங்கள் விட்டுக்கொடுப்பது நால்வரின் கட்டணத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதி பிள்ளையின் கட்டணத்துக்கே போய்விடுகிறது என்று அந்த ஊழியர் வேலையை விட்டுவிட்டால், மாற்று ஆள் கிடைக்கும்வரை நான்கு இடங்களையுமே நீங்கள் நிறுத்திவைக்க நேரிடும். (எப்படியும் காலியாகக் கிடக்கும் இடம் என்றால் இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.) வளர்ந்த பிள்ளைகளின் அறையில் ஒருவரே பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்தப் பங்கு இருபதில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இருந்தாலும், இந்தச் சுமை முழுவதையும் சிறிய காப்பகங்களே தாங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் 2022இல், காப்பகங்களில் வாரத்துக்கு 20 மணி நேரமாவது வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அரசின் கட்டண உதவி கிடைக்க வழிசெய்தது. பிறகு வேறு சில மாநிலங்களும் அதைப் பின்பற்றின. உங்கள் பகுதியில் அத்தகைய உதவி இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சலுகைத் தொகை ஊழியரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகுமா என்பதையும் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் ஊழியருக்கான சேவைச் சலுகை 20 சதவீதத்தைத் தாண்டும்போது அந்தக் கேள்வி எழுகிறது.

எத்தனை பிள்ளைகளுக்குச் சலுகை, பகுதிநேர ஊழியருக்கு எவ்வளவு, வேலையிலிருந்து விலகினால் எந்த நாள்வரை என்பதையெல்லாம் சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: தாயின் பொறுப்பில் உள்ள அறையிலேயே அவருடைய பிள்ளையைச் சேர்க்காதீர்கள். என் மகள் என் அறையில் இருந்த நாள்களில், நான் வேறொரு குழந்தையைத் தூக்கினாலே அழுவாள். அவளைச் சமாதானப்படுத்தினாலோ மற்றக் குழந்தைகளுக்குரிய நேரம் குறைந்துபோகும். பக்கத்து அறைக்கு மாற்றிய பிறகுதான் அவளும் அமைதியானாள், நானும் நிம்மதியாக வேலை பார்த்தேன்.