மொட்டைமாடி சோலார் ஆய்வு: புராஜெக்ட் செய்பவர்கள் கேட்டவையும் பதில்களும்

இறுதியாண்டு புராஜெக்டிலும் எம்.இ. ஆய்வறிக்கையிலும் சூரிய ஆற்றலை எடுத்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். பாதிக் கேள்விகளில் கருவி பழுதில்லை, அளந்த முறையில்தான் கோளாறு. அதனால் பதில்களில் எண்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (இ.இ.இ. இறுதியாண்டு, கோவில்பட்டி): சார், லேபில் இருந்த பைரனோமீட்டரை (வெயில் அளவி) ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டில் நேராக மாட்டினோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை 0, 1, 2 என்றுதான் வருகிறது. சென்சார் போய்விட்டதா?

பதில்: சென்சார் நன்றாகவே இருக்கிறது. தெர்மோபைல் வகைப் பைரனோமீட்டர், சதுர மீட்டருக்கு 1 வாட் வெயிலுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோவோல்ட்தான் தரும். உச்சி வெயில் 1000 வாட் என்றால் மொத்தமே 10 மில்லிவோல்ட். ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது, ஒரு படி 4.9 மில்லிவோல்ட். ஒரு பகல் முழுதும் அதற்குள் இரண்டு படிதான். நீங்கள் பார்த்த 0, 1, 2 அதுதான்.

ஏடிஎஸ் 1115 என்ற 16 பிட் சிறு போர்டு வாங்குங்கள். அதில் கெயினை (பெருக்க அளவை) 16-இல் வைத்தால் வீச்சு 0.256 வோல்ட், ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட். ஒரு வாட்டுக்கும் குறைவான மாற்றம்கூடத் தெரியும். பைரனோமீட்டரின் இரண்டு ஒயர்களையும் ஏ0, ஏ1 இரண்டிலும் கொடுத்து வித்தியாச முறையில் படியுங்கள். கேபிளின் ஷீல்டை (உலோக உறையை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இன்வெர்ட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டவே வேண்டாம். ஒரு வாட்டுக்கு 10 மைக்ரோவோல்ட் என்பது தோராயம்தான். உங்கள் கருவியின் சான்றிதழில் 8.6 என்றோ 11.2 என்றோ அச்சிட்டிருக்கும். அதைத்தான் கணக்கில் போட வேண்டும்.

இரவில் மைனஸ் 2, மைனஸ் 3 வாட் காட்டினால் பயப்படாதீர்கள். கண்ணாடிக் குவிமாடம் வானத்தை நோக்கி வெப்பத்தை இழப்பதால் வருவது அது. நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா, சிலிக்கா ஜெல் நிறம் மாறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (எம்.இ. மாணவர், அரியலூர்): சிமென்ட் ஆலைப் பகுதித் தூசியால் எவ்வளவு இழப்பு என்பது என் தலைப்பு. ஒரே கம்பெனிப் பேனல் இரண்டு. ஒன்றைத் தினம் துடைத்தேன், இன்னொன்றை 30 நாள் தொடவில்லை. 6% இழப்பு வந்தது. கைடு ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

பதில்: கைடு சொல்வது சரி. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு பேனலுக்கு நடுவே 2, 3 சதவீத வேறுபாடு சாதாரணம். அதைத் தூசியின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

முதலில் இரண்டையும் கழுவி, மேகமில்லாத ஐந்து நாள் அளந்து விகிதம் எடுங்கள். துடைக்காமல் விடப்போகும் பேனல், மற்றதில் 0.978 பங்கு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் கழித்து அது 0.940 ஆனால், 0.940-ஐ 0.978-ஆல் வகுக்க 0.961 வரும். தூசியால் வந்த இழப்பு 3.9% மட்டுமே. கடைசியில் இரண்டையும் மறுபடி கழுவி அளங்கள். விகிதம் 0.978-க்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கனெக்டரிலோ நிழலிலோ வேறு ஏதோ நடந்திருக்கிறது, அந்த மாதத் தரவை நம்ப முடியாது. இந்தக் கடைசிக் கழுவலைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

எந்த அளவை எடுப்பது என்பதும் முக்கியம். தூசி சீராகப் படிந்தால் ஷார்ட் சர்க்யூட் கரன்ட் (பேனலின் இரு முனையையும் நேராக இணைத்தால் ஓடுவது) போதும். ஆனால் சாய்வு குறைந்த பேனலில் அதிகாலைப் பனி தூசியை வழித்துக் கீழ் ஃபிரேம் ஓரத்தில் ஒரு விரல் அகலப் பட்டையாகச் சேர்த்துவிடும். சிமென்ட் தூசி அங்கேயே இறுகியும் போகும். பேனல் நெட்டுக்கு நின்றால் அந்தப் பட்டை கடைசி வரிசைச் செல்கள் ஆறையும் மறைக்கிறது. முழுச் செல் பேனலில் (செல்லைப் பாதியாக வெட்டாதது) அந்த ஆறும் மூன்று பைபாஸ் டயோடு பிரிவுகளுக்கும் (மறைந்த செல்களைச் சுற்றிக் கரன்ட்டைத் திருப்பிவிடுபவை) இரண்டிரண்டாகச் சேர்ந்தவை, மூன்றும் ஒன்றாக அடிவாங்கும். அதே பேனலைப் படுக்கையாக வைத்தால் ஒரு பிரிவு மட்டும் பாதிக்கப்படும். இந்த வித்தியாசம் ஷார்ட் சர்க்யூட் கரன்ட்டில் சரியாகத் தெரியாது. ஐ-வி வளைகோடு (வோல்ட்டுக்கு எதிராக ஆம்பியர்) முழுதாக எடுத்தால்தான் படிக்கட்டு மாதிரி விழுவது கண்ணுக்குத் தெரியும். உங்கள் ஊர்த் தூசிக்கு இதுவே தனி அத்தியாயமாகும் அளவுக்கு விஷயம் இருக்கிறது.

கழுவுவதை வெயில் ஏறுமுன் முடியுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை உப்புக்கறை நிற்கும், கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ நல்லது. உலர்ந்த துணியால் சிமென்ட் தூசியைத் தேய்க்காதீர்கள், கண்ணாடி கீறிப்போகும்.

கேள்வி (அதே மாணவர்): ஐ-வி வளைகோட்டுக்கு ரியோஸ்டாட் போதுமா சார்?

பதில்: போதும், ஆனால் இருபது புள்ளி எடுப்பதற்குள் ஒரு மேகம் கடந்துவிடும். கெப்பாசிட்டர் முறை நல்லது. காலியான கெப்பாசிட்டரைப் பேனலில் இணைத்தால், அது நிரம்பும்போது பேனல் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து ஓப்பன் சர்க்யூட் வரை தானே நடந்துவிடும். 45 வோல்ட், 9 ஆம்பியர் பேனலுக்கு 4700 மைக்ரோஃபாரட் போட்டால் நேரம் சுமார் 24 மில்லி விநாடி. ஊனோ ஒரு தடவை படிக்க 0.1 மில்லி விநாடி எடுக்கும். வோல்ட், ஆம்பியர் இரண்டும் படித்தாலும் நூறு புள்ளிக்கு மேல் கிடைக்கும். கெப்பாசிட்டர் 100 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும், முனை மாறினால் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாகக் காலிசெய்த பிறகே அடுத்த அளவு.

கேள்வி (மெக்கானிக்கல், கரூர்): பேனலின் பின்புறம் தாமிரக் குழாய் ஒட்டித் தண்ணீர் ஓட்டினோம். மின் உற்பத்தி 15% கூடியது. இதைப் பேப்பராக எழுதலாமா?

பதில்: எழுதுமுன் ஒரு கணக்கு. காற்று 35 டிகிரி, வெயில் 900 வாட் என்றால் சாதாரணப் பேனலின் செல் 63 டிகிரி அளவில் இருக்கும். உங்கள் 330 வாட் பேனலின் வெப்பக் குணகம் (செல் 25 டிகிரியைத் தாண்டினால் குறையும் பவர்) டிகிரிக்கு 0.35% என்று எடுத்துக்கொண்டால் அந்த நேரத்தில் அது தருவது சுமார் 257 வாட். அது 15% கூடி 296 வாட் ஆக வேண்டுமென்றால் செல் 25 டிகிரிக்கு வர வேண்டும். 35 டிகிரிக் காற்றில், தொட்டித் தண்ணீரை வைத்து, 25 டிகிரி சாத்தியமே இல்லை.

அப்படியானால் 15% எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. குளிர்விக்காமல் காலை பத்தரைக்கும், குளிர்வித்துப் பன்னிரண்டுக்கும் அளந்திருப்பீர்கள், கூடியது வெயில். அல்லது குழாய் ஒட்டும் சாக்கில் முன்பக்கம் துடைக்கப்பட்டிருக்கும். இரண்டு பேனலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நிமிடத்தில் அளந்தால் தெரிந்துவிடும்.

நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது: செல்லை 45 டிகிரிக்கு இறக்கினால் 276 வாட், அதாவது 19 வாட் லாபம். உங்கள் பம்ப் 18 வாட் இழுத்தால் மிச்சம் 1 வாட். இந்த முடிவையும் எழுதலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே வரும் வெந்நீருக்கு விடுதிச் சமையலறையிலோ வேறெங்கோ பயன் காட்டினால்தான் இந்த ஏற்பாட்டுக்குப் பொருள் உண்டு.

வெப்பநிலை சென்சாரைச் செல்லின் நடுமுதுகில், தெர்மல் பேஸ்ட் தடவி, அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு செல்லுக்கு இடைவெளியில் ஒட்டினால் குறைத்துக் காட்டும். நல்ல வெயிலில் செல், பின்புறத்தைவிட 2, 3 டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு மேலேயே சென்சாரை ஒட்டினால் அது தண்ணீரின் வெப்பத்தைத்தான் சொல்லும்.

கேள்வி (இ.சி.இ., சேலம்): அண்ணா, எம்பிபிடி (பேனலின் உச்சப் பவரைத் தேடிப் பிடிக்கும்) பக் கன்வெர்ட்டர், அதாவது வோல்ட்டேஜைக் குறைக்கும் சர்க்யூட். மேட்லாப் சிமுலேஷனில் திறன் 98%. போர்டில் மாஸ்ஃபெட் கை வைக்க முடியாமல் சுடுகிறது, பவரும் ஒரு இடத்தில் நிற்காமல் அலைகிறது. ஐஆர்எஃப்இசட் 44என் போட்டிருக்கிறோம், கேட்டுக்கு ஆர்டுயினோவிலிருந்து நேரடியாக.

பதில்: சூட்டுக்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள், தம்பி. அந்த மாஸ்ஃபெட்டின் குறைந்த ரெசிஸ்டன்ஸ் கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது சொல்லப்பட்டது. 5 வோல்ட்டில் அது அரைகுறையாகத்தான் திறக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பக் சர்க்யூட்டில் அது மேல்பக்க ஸ்விட்ச். திறந்தவுடன் சோர்ஸ் கால் பேனல் வோல்ட்டேஜுக்கு ஏறிவிடும். கேட் அதற்கும் 10 வோல்ட் மேலே போக வேண்டும். ஐஆர் 2104 மாதிரி கேட் டிரைவர் சிப், பூட்ஸ்ட்ராப் டயோடு, கெப்பாசிட்டருடன் போடுங்கள். டயோடு இடத்தில் வரும் கீழ் மாஸ்ஃபெட் திறக்கும்போதுதான் அந்தக் கெப்பாசிட்டர் நிரம்பும், ஆகவே டியூட்டி (மேல் ஸ்விட்ச் திறந்திருக்கும் நேரப் பங்கு) 95%-ஐத் தாண்ட விடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: வெயில் குறையும்போது கீழ் மாஸ்ஃபெட் வழியாக பேட்டரி கரன்ட் பேனல் பக்கம் திரும்பிப் பாயும். கரன்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் டிரைவரை ஆஃப் செய்யும் வரி புரோகிராமில் இருக்கட்டும்.

பவர் அலைவது வேறு கதை. நீங்கள் போட்ட கரன்ட் சென்சார் 30 ஆம்பியர் ஏசிஎஸ் 712 என்றால் ஒரு ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட். ஊனோவின் ஒரு படி 74 மில்லி ஆம்பியர். 17 வோல்ட்டில் அது 1.26 வாட். டியூட்டி ஒரு படி நகர்ந்ததால் வந்த அரை வாட் மாற்றத்தை அதனால் பார்க்கவே முடியாது. இரைச்சலைப் பார்த்து அல்காரிதம் முன்னும் பின்னும் ஓடுகிறது. 5 ஆம்பியர் வகைக்கு மாறுங்கள், அதில் 185 மில்லிவோல்ட். டியூட்டியை மாற்றியபின் 50 மில்லி விநாடி பொறுத்து, 32 தடவை படித்துச் சராசரி எடுங்கள். ஐஎன்ஏ 219 என்ற கரன்ட் சென்சார் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: அது 26 வோல்ட் வரைதான். 36 செல் பேனலுக்குத் தாங்கும், 72 செல் பேனலை மாட்டினால் அன்றே போய்விடும்.

வெயிலுக்குக் காத்திருக்காமல் லேபிலேயே சோதிக்க ஒரு வழி: 30 வோல்ட் சப்ளையோடு தொடரில் 5 ஓம் ரியோஸ்டாட். உச்சபட்ச பவர் 15 வோல்ட், 3 ஆம்பியரில், 45 வாட். உங்கள் புரோகிராம் 15 வோல்ட்டில் போய் நிற்கிறதா என்று பாருங்கள். சப்ளையின் கரன்ட் லிமிட் 3.5 ஆம்பியர்.

கேள்வி (வேளாண் பொறியியல், பொள்ளாச்சி): கொப்பரைக்கு சோலார் டிரையர். 10 கிலோ தேங்காய்ப் பருப்புக்கு எத்தனை சதுர மீட்டர் கலெக்டர் வேண்டும்?

பதில்: ஈரம் 50%-இலிருந்து 6%-க்கு. 10 கிலோவில் உலர்பொருள் 5 கிலோ. முடிவில் அது 94% ஆக இருக்க வேண்டும், எடை 5.32 கிலோ. போக வேண்டிய தண்ணீர் 4.68 கிலோ. "50-லிருந்து 6 போக 44%, ஆக 4.4 கிலோ" என்று கழிப்பது தவறு, முழு எடையே குறைந்துகொண்டு வருகிறதே.

ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2.4 மெகாஜூல், மொத்தம் 11.2. நாளுக்கு 5.5 யூனிட் வெயில் என்றால் சதுர மீட்டருக்கு 19.8 மெகாஜூல். டிரையர் திறன் 25% என்றால் அதில் 5 மெகாஜூல்தான் பயனாகும். ஒரே நாளில் உலர்த்த 2.3 சதுர மீட்டர் வரும். ஆனால் பருப்பின் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர அதற்குரிய நேரம் எடுக்கும், கண்ணாடியைப் பெரிதாக்கி அதை முடுக்க முடியாது. 1 சதுர மீட்டர், மூன்று நாள் என்று திட்டமிடுங்கள். காற்று 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பருப்பு பழுப்பேறாமல் வெள்ளையாக இருக்கும்.

ஒப்பீட்டுக்கு ஒரு யோசனை: ஒவ்வொரு தேங்காயிலும் ஒரு மூடியை டிரையரில் வையுங்கள், மறு மூடியைக் களத்தில் காய வையுங்கள். காய்க்குக் காய் உள்ள வேறுபாடு கணக்கிலிருந்தே விலகிவிடும். ஈரத்தைச் சரிபார்க்கச் சிறு துண்டுகளை 105 டிகிரி ஓவனில், எடை மாறாமல் நிற்கும்வரை. முதல் இரவை அசட்டை செய்யாதீர்கள். ஈரம் அதிகமுள்ள பருப்பில் பூஞ்சை பிடிப்பது அப்போதுதான்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், மதுரை): சோலார் பாடத்துக்கு சிமுலேஷன் லேப் தயாரித்தேன். மாணவர்களுக்குப் பயன்பட்டதா என்று ஆய்வாகக் காட்ட வேண்டும். கருத்துப் படிவத்தில் 92% பேர் "மிகவும் பயனுள்ளது" என்றார்கள் சார்.

பதில்: மதிப்பெண் போடுகிற ஆசிரியரே கையில் கொடுத்த படிவத்தில் வேறென்ன எழுதுவார்கள்? அதை ஆதாரமாக வைக்க முடியாது, மேடம். முன்தேர்வு, பின்தேர்வு வையுங்கள். இரண்டிலும் அதே கருத்து, ஆனால் வேறு எண்கள், வேறு படங்கள். இயற்பியல் கற்பித்தலில் ஹேக் என்ற ஆய்வாளர் 1998-இல் பயன்படுத்திய அளவுகோல் எளிது: கூடிய மதிப்பெண்ணை, கூட இடமிருந்த மதிப்பெண்ணால் வகுப்பது. வகுப்புச் சராசரி 40-இலிருந்து 64 ஆனால் 24-ஐ 60-ஆல் வகுக்க 0.4. அவர் கணக்கில் 0.3 முதல் 0.7 வரை நடுத்தரம்.

இன்னொரு பிரிவுக்கு அதே நேரம் செலவிட்டு வழக்கமான லேப் நடத்துங்கள். சிமுலேஷன் பிரிவுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் பலன் அந்த நேரத்துக்கா சிமுலேஷனுக்கா என்று பிரிக்க முடியாது. ஆறு வாரம் கழித்துச் சொல்லாமல் ஒரு தேர்வு வையுங்கள். முடிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு செய்முறைத் தேர்வும்: நிஜப் பேனலைக் கையில் கொடுத்து மீட்டரை இணைக்கச் சொல்லுங்கள். சிமுலேஷனில் தேறியவர் அம்மீட்டரை எப்படி மாட்டுகிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

கேள்வி (இ.இ.இ., திருநெல்வேலி): பைரனோமீட்டர் இல்லை. நாசா பவர் தளத்தின் தரவை வைத்து எஃபிஷியன்ஸி போடலாமா?

பதில்: மாதச் சராசரிக்கு, ஆண்டு உற்பத்தி மதிப்பீட்டுக்கு, தாராளமாக. பதினொன்றரை மணிக்கு உங்கள் மாடியில் இருந்த வெயிலுக்குக் கூடாது. அந்த வெயில் தரவின் ஒரு கட்டம் 1 டிகிரி, ஏறத்தாழ 110 கிலோமீட்டர். திருநெல்வேலியும் மேற்குத்தொடர்ச்சி மலை மேகமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். சிறு பேனல் ஒன்றின் ஷார்ட் சர்க்யூட் கரன்ட்டை, பக்கத்துக் கல்லூரிப் பைரனோமீட்டரோடு தெளிந்த ஒரு நாள் ஒப்பிட்டு, அதையே அளவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே குழு): பிழைக்கணக்கு என்று வைவாவில் கேட்கிறார்களே?

பதில்: வோல்ட் 1%, ஆம்பியர் 1%, வெயில் அளவி 5% என்றால், மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம்: 5.2%. இந்த அளவில் "எஃபிஷியன்ஸி 3% கூடியது" என்று எழுத முடியாது. ஒரே அளவி, ஒரே நிமிடம், இரண்டு பேனல் என்றால் வெயிலின் 5% இருபுறமும் சமமாகி விலகிவிடும், 3% பேசத் தகுந்ததாகிவிடும்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவி, கோவை): கருத்தரங்கில் பேசிவிட்டுப் பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: வரிசையை மாற்றுங்கள். பொதுவில் வெளியான பிறகு புதுமை போய்விட்டது என்றே கொள்வார்கள், விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. முதலில் தற்காலிக விண்ணப்பம், அடுத்த 12 மாதத்துக்குள் முழு விவரம். 18 மாதத்தில் இதழில் வெளியாவது வெறும் பிரசுரம், காப்புரிமை வழங்கியதாகாது. தன்விவரத்தில் "காப்புரிமை பெற்றது" என்று அதை எழுதிவிடாதீர்கள். விண்ணப்ப எண்ணையும் "பரிசீலனையில்" என்பதையும் எழுதினால் போதும்.