குடியை நிறுத்த உதவும் கூட்டங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குடியை விட்டவர்களின் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். நடத்தும் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று யாரிடம் கேட்பது? தெரிந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

தெரிந்தவர் யாரிடமும் கேட்க வேண்டாம். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, ஏறக்குறைய 180 நாடுகளில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் தேடினால் உங்கள் வட்டாரத் தொலைபேசி எண் கிடைக்கும். பெரும்பாலும் குடியை விட்ட ஒருவர்தான் எடுப்பார். உங்கள் முழுப்பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மனநல மருத்துவர்களிடமும் போதை மீட்பு மையங்களிலும்கூட விவரம் இருக்கும். கிளம்பும் முன் ஒருமுறை போன் செய்து இடத்தையும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பட்டியலில் இருக்கும் கூட்டம் இடம் மாறியிருக்கலாம். முதல் முறையே பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மறுபடி கிளம்ப மனம் வராது.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்கிறார்களே?

திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர்கள் என யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட்டவர்களுக்கும் விட நினைப்பவர்களுக்கும் மட்டும். நீங்கள் இரண்டுக்குமே போகலாம்.

அண்ணா, முதல் நாளே எழுந்து நின்று பேசச் சொல்வார்களா? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பேச வேண்டாம், தம்பி. உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கூட்டம் பொதுவாக ஒரு மணி நேரம், கூடினால் ஒன்றரை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதுமில்லை. வருகைப்பதிவு கிடையாது. கட்டணம் கிடையாது; உண்டியல் வரும், புதியவர் போட வேண்டியதில்லை. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

ஒன்றை மட்டும் செய்யுங்கள். கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். நாற்காலிகளை அடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் "என் நம்பரை வைத்துக்கொள், ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு" என்று ஒருவர் சொல்வார். என்னைக் கேட்டால், கூட்டத்தில் கேட்ட பேச்சைவிட அந்த எண்தான் அதிகம் உதவும். குடிக்கத் தோன்றும் வேளையில் கூட்டம் இருக்காது, போன் இருக்கும். குடித்த பிறகு அல்ல, குடிக்கும் முன் கூப்பிடுங்கள்.

தினமும் காலையிலேயே குடிப்பவன் நான். நாளை அடியோடு நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு வரட்டுமா?

முதலில் மருத்துவரிடம் போங்கள், ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன். நீண்ட காலம் தினமும் குடித்த உடல் திடீர் நிறுத்தத்தைத் தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் மனம் குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரியத் தொடங்கலாம். அது உயிரையே பறிக்கக்கூடிய நிலை. மருத்துவரின் கண்காணிப்பில் மருந்தோடும் வைட்டமின் பி1-ஓடும் இதைப் பாதுகாப்பாகக் கடக்க முடியும். கூட்டம் சிகிச்சைக்கு மாற்று அல்ல. மருத்துவர் தரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறுப்பினர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறாரே?

வருகிறார், மறைப்பதற்கில்லை. "நாம் புரிந்துகொண்ட வகையில்" என்ற சொற்களும் கூடவே வருகின்றன. நாத்திகர் பலர் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு தொடர்கிறார்கள். அதுவும் ஒட்டவில்லையென்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே கடவுள் பேச்சு இல்லை, எண்ணங்களையும் தூண்டுதல்களையும் கையாளும் பயிற்சிதான். இணையவழியிலும் கூட்டங்கள் நடத்துகிறார்கள்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏஏ கூட்டங்களில் சேர முறைப்படி வழிகாட்டும் சிகிச்சையைப் பெற்றவர்களில், தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்களின் விகிதம் மற்ற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஒரு கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் என் அப்பா வயதுக்காரர்கள். ஒட்டவே இல்லை.

அது அந்தக் குழுவின் முகம், அவ்வளவுதான். ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு குணத்தோடு இருக்கும். இளைஞர்களுக்கு, பெண்களுக்கு என்று தனிக் கூட்டங்களும் உண்டு. ஐந்தாறு கூட்டங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் பெரியவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் மறைக்க நினைப்பதை அவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். ஸ்பான்சர் என்ற தனி வழிகாட்டியை அவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம்.

என் கணவர் வரவே மறுக்கிறார். நான் என்ன செய்வது?

நீங்கள் போங்கள், அம்மா. குடிப்பவரின் குடும்பத்துக்காகவே 1951-இல் தொடங்கியது அல்-அனான். பதின்பருவப் பிள்ளைகளுக்கு அலட்டீன் இருக்கிறது. அவர் மாறினாலும் மாறாவிட்டாலும் உங்களுக்கு உறக்கமும் துணையும் வேண்டும். வீட்டில் அடி உதை இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

சில மாதம் நிறுத்தியிருந்தேன், போன வாரம் மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

இதே முகத்தோடு. அந்த அறையில் பலருக்கு இது நடந்திருக்கிறது. "குடித்துவிட்டேன்" என்று சொல்லுங்கள், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். மறுபடி தினமும் குடிக்கத் தொடங்கியிருந்தால் மேலே சொன்ன மருத்துவ எச்சரிக்கை உங்களுக்கும்தான். இல்லையென்றால் அடுத்த வாரம் வரை தள்ளிப்போடாமல் இன்று மாலைக் கூட்டம் எங்கே என்று இப்போதே போன் செய்யுங்கள்.