பள்ளிப் படிப்பைத் தாமதமாக முடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரி வேலை: கேள்வி பதில்

தனித்தேர்வராகவோ திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ படிப்பை முடித்துவிட்டு, தமிழ்நாட்டில் மருத்துவமனை வேலை தேடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நோயாளிப் பராமரிப்பு உதவியாளர்களுக்குப் பயிற்சி தருகிற ஒருவர் பதில் சொல்கிறார்.

மேடம், எனக்கு வயசு 34. தனித்தேர்வரா எழுதி பத்தாவது பாஸ் பண்ணிட்டேன். எங்க ஊர் இன்ஸ்டிடியூட்ல ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ, 45,000 ரூபாய் ஃபீஸ்ங்கிறாங்க. சேரலாமா?

கட்டாதீர்கள். நர்ஸ் என்று பதிவு பெறத் தொடக்கப் படிப்புகள் மூன்றுதான்: ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பு), ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பு), பி.எஸ்சி. நர்சிங். மூன்றுக்குமே பிளஸ் டூ வேண்டும். முடித்தபின் தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். பத்தாவதை வைத்து ஒரு வருடத்தில் தருகிற "நர்சிங் டிப்ளமோ" எதுவும் அந்தப் பதிவேட்டுக்குள் போகாது. இன்ஸ்டிடியூட்டில் ஒரே கேள்வி கேளுங்கள்: "படித்து முடித்ததும் என் பெயர் எந்தக் கவுன்சிலில் பதிவாகும்?" நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏ.என்.எம்., ஜி.என்.எம். சேர வயது வரம்பு 17 முதல் 35. இனி பிளஸ் டூ முடித்து அதற்குள் சேர்வது உங்களுக்கு நடக்காது. ஆனால் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்கிற நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சிக்குப் பத்தாவது போதும். குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, உணவு ஊட்டுவது, நாடித்துடிப்பும் உடல் வெப்பமும் பார்த்து எழுதுவது எல்லாம் அந்த வேலை. ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் அதில் கிடையாது; யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஏதாவது ஆனால் உங்களைக் காப்பாற்ற எந்தப் பதிவும் இல்லை. சேரும் முன் சான்றிதழில் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சிலின் (என்.சி.வி.இ.டி.) முத்திரை இருக்குமா, வார்டில் நேரடிப் பயிற்சி எத்தனை நாள், எந்த ஆஸ்பத்திரியில் என்று எழுத்தில் வாங்குங்கள். பொம்மையை வைத்து மட்டும் பழகியவர் முதல் நாளே கனமான நோயாளியைப் புரட்டத் தெரியாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

என்.ஐ.ஓ.எஸ்.-ல (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பிளஸ் டூ சேரப் போறேன். லேப் டெக்னீஷியன் ஆகணும். எந்தப் பாடம் எடுக்கணும்?

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் எடுங்கள். பாட எண்கள் 312, 313, 314. சுலபமாகப் பாஸ் ஆகலாம் என்று வணிகவியல் பக்கம் போனவர்கள்தான் டி.எம்.எல்.டி. என்கிற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ சேர்க்கையில் இடம் கிடைக்காமல் திரும்பி வருகிறார்கள். ஐந்து வருடத்தில் ஒன்பது தேர்வு வாய்ப்பு இருப்பதால் மூன்றையும் ஒரே தடவையில் எழுதத் தேவையில்லை. செய்முறை வகுப்பை மட்டும் தவற விடாதீர்கள், அதில் தனியாகவும் பாஸ் ஆக வேண்டும்.

ஜி.என்.எம். எண்ணம் இருந்தால் கவனியுங்கள். என்.ஐ.ஓ.எஸ்.-ல் 33 சதவீதம் பாஸ். ஜி.என்.எம். சேர 40 சதவீதம் வேண்டும், ஆங்கிலப் பாடமும் இருக்க வேண்டும். பாஸ் ஆனது சேர்க்கைக்குப் போதாமல் போவது இங்கேதான். குறிவைத்த கல்லூரி இந்தச் சான்றிதழை ஏற்குமா என்பதையும் முதல் பாடத்துக்குப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ட்ரையல் டியூட்டி. இன்டேக் அவுட்புட் சார்ட் எழுதச் சொன்னாங்க, தப்பாயிடுச்சு. எப்படி எழுதணும்?

நோயாளியின் உடலுக்குள் போன திரவம், வெளியே வந்த திரவம், இரண்டையும் மில்லிலிட்டரில் எழுத வேண்டும். ஒரு ஷிப்டில் நோயாளி டீ 150, கஞ்சி 200, தண்ணீர் 100 குடித்தார் என்று வையுங்கள். 500 மில்லி சலைன் பாட்டிலில் ஷிப்ட் முடியும்போது 200 மீதம் இருக்கிறது. உள்ளே போன சலைன் 300 தான். மொத்தம் 750. சிறுநீர் 420, வாந்தி 80, மொத்தம் 500. வித்தியாசம் கூடுதல் 250.

தவறு நடப்பது மூன்று இடத்தில். தொங்குகிற பாட்டிலை முழு 500 என்று எழுதிவிடுவார்கள். அடுத்த ஷிப்டும் அதையே எழுதும், கணக்கு இரட்டிப்பாகும். "ஒரு டம்ளர்" என்று எழுதுவார்கள். வார்டு டம்ளர் எத்தனை மில்லி என்று முதல் நாளே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பையின் கோட்டைப் பார்த்து எழுதுவார்கள். அந்தக் கோடு தோராயம்தான், அளவு ஜாடியில் வடித்து, ஜாடியைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்ட பெரியவர்களுக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் சார்ட்டில் எழுதிவிட்டு நிற்காதீர்கள், உடனே டியூட்டி சிஸ்டரிடம் சொல்லுங்கள். இந்த ஒரு தாளை வைத்துத்தான் டாக்டர் சலைனைக் கூட்டுவதும் குறைப்பதும்.

ஆதார்ல அப்பா இனிஷியல், மார்க் ஷீட்ல வீட்டுக்காரர் இனிஷியல். வேலைக்குப் பிரச்சினை வருமா?

வரும், பி.எஃப். கணக்கு தொடங்கும்போது. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். எதைத் திருத்துவது சுலபம் என்று பார்த்து, விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

ஹோம் நர்சிங் ஏஜென்சி ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேக்குறாங்க.

கொடுக்காதீர்கள். நீங்களே கையெழுத்திட்ட நகல் போதும். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். ஒரிஜினலைப் பிடித்துவைப்பது நீங்கள் வேலையை விட்டுப் போகாமல் இருப்பதற்குத்தான். படாத பாடு பட்டு வாங்கிய சான்றிதழ் அது.

கழிவு போடும்போது ஊசி குத்திடுச்சுன்னா என்ன செய்யணும்?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிழியாதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். உடனே வார்டு இன்சார்ஜிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்களே என்று மறைப்பவர்கள் அந்த நேரத்தை இழக்கிறார்கள்.

பெரும்பாலான குத்தல் மூடியைத் திரும்பப் போடும்போதும், ஊசி தவறான பையில் கிடக்கும்போதும் நடக்கிறது. ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். டியூப், கதீட்டர், கையுறை சிவப்பில். ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டும் மஞ்சளில். கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்தில். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வேலைக்குச் சேரும் முன்பே தொடங்குங்கள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது.

12,000 சம்பளம் சொல்லியிருக்காங்க. வேற என்ன கேக்கணும்?

சம்பளச் சீட்டு உண்டா, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டா என்று கேளுங்கள். 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 90 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். 90 ரூபாய் பிடித்தும் இ.எஸ்.ஐ. எண் தராவிட்டால் பணம் கட்டப்படவில்லை என்று சந்தேகப்படலாம். அதே மாதம் கேட்டுவிடுங்கள். ஷிப்ட் எட்டு மணி நேரமா பன்னிரண்டா, இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வண்டி உண்டா என்பதையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.